லாப்ரடோர் குட்டியை வேட்டைக்குப் பழக்குவது: படுவான்கரைத் தம்பிக்கு ஒரு பதில்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள கொக்கட்டிச்சோலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கொழும்பில் இருந்து 11 கிழமை வயதான கறுப்பு லாப்ரடோர் கடுவன் குட்டி ஒன்று வாங்கி வந்திருக்கிறாராம். அதைத் தாரா எடுத்துவர, வேட்டைக்குப் பழக்க வேண்டும். எப்போது தொடங்குவது, துவக்குச் சத்தத்துக்கு எப்படிப் பழக்குவது, வாவியில் இறக்கலாமா, பெரிதானதும் பன்றிக்குக் கூட்டிப்போகலாமா, வீட்டுப் பிள்ளைகள் பந்து எறிந்து விளையாடுவதால் நாய் கெட்டுப்போகுமா என்பதெல்லாம் கேள்வி. ஒழுங்கை மாற்றித்தான் பதில் சொல்லப்போகிறேன். பன்றிக் கதையையும் தாராக் கதையையும் முதலில் முடித்துவிட்டால் மற்றது லேசு.

பன்றிக்குக் கொண்டுபோகாதீர்கள். பன்றியை மறித்து நிற்பதற்கு நம் ஊர்ப் பறட்டை நாய்களுக்கு இருக்கிற சூதானம் லாப்ரடோருக்குக் கிடையாது. அது எதையும் கிட்டப் போய் வாயால் பிடித்துப் பார்க்கிற சாதி. கொம்பன் பன்றியின் பல் வயிற்றைக் கிழித்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து காட்டோர வயல் வட்டைகளில் ஆட்கள் திருட்டுத்தனமாக வைக்கிற சுருக்கு, கயிறு தட்டினால் வெடிக்கிற கட்டுத்துவக்கு, தீனிக்குள் மறைத்து வைக்கிற, கடித்தால் வெடிக்கிற வாய்வெடி. கிடைத்ததைக் கவ்வுவதற்கென்றே பிறந்த நாய்க்கு வாய்வெடி என்றால் என்ன நடக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை.

தாரா விஷயமும் அப்படித்தான், காரணம் வேறு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பிறகு வந்த அதன் திருத்தங்களும் நம் நாட்டுக் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கின்றன. வயலில் சீழ்க்கை அடித்துக்கொண்டு இறங்குகிற தாராவும், மாரியில் வடக்கில் இருந்து வந்து வாவியில் தங்குகிற ஊசிவால் தாராவும் அதற்குள் அடங்கும். வெள்ளாமைக் காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருப்பது தாரா சுட அனுமதி ஆகாது. அம்பாறைப் பக்கம் கல்லோயா, லகுகல, குமண போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் நாயோடு போகிற யோசனையையும் விட்டுவிடுங்கள்.

அப்படியென்றால் நாயை எதற்குப் பழக்குவது என்று கேட்பீர்கள். லாப்ரடோர் போலச் சுட்ட பறவையை எடுத்துவருகிற நாய்களை ரிட்ரீவர் என்பார்கள். அந்த வேலையின் முக்கால்வாசி, பறவைக்குப் பதிலாக எறிகிற டம்மியை வைத்தே பழக்கப்படுகிறது. பிரித்தானியாவில் ஒரு பறவைகூடச் சுடாமல், துணியில் செய்த டம்மியை எறிந்தும் ஒளித்தும் நாயின் திறமையைப் பார்க்கிற போட்டிகளே நடக்கின்றன. பற்றைக்குள் விழுந்ததை மோப்பத்தால் கண்டுபிடித்து, பல் பதியாமல் கவ்வி, நேரே வந்து கையில் தருகிற நாயைப் பழக்கி எடுப்பது முழு வேட்டைக்காரனின் வேலைதான். சாகிற உயிர் ஒன்று அதற்குத் தேவையில்லை.

இந்தச் சாதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் குட்டியின் குணம் பாதி விளங்கும். பேர் லாப்ரடோர் என்றாலும் மூலம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவு. அங்கே மீனவர்கள் வைத்திருந்த கறுப்பு நாய்கள் வலைக் கயிற்றை இழுத்துக் கொடுக்கும், தூண்டிலில் இருந்து கழன்ற மீனைக் குளிர் தண்ணீருக்குள் பாய்ந்து எடுத்துவரும். 19ஆம் நூற்றாண்டில் அவை இங்கிலாந்துக்குப் போய், பிரபுக்களின் தோட்டங்களில் சுட்ட பறவை எடுக்கிற நாயாக மாறின. அங்கத்தைய கெனல் கிளப் 1903இல் தனிச் சாதியாகப் பதிவு செய்தது. ஆக, உங்கள் குட்டி ஒரு கரையோரத்து மீனவ நாயின் பரம்பரை. எறிந்ததைத் தேடி ஓடுவதை அதற்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. திரும்பி வருவதையும், கையில் விடுவதையும், சொல்லும்வரை காத்திருப்பதையும்தான் பழக்க வேண்டும். முதல் ஒரு வருடத்தின் வேலை முழுக்க அந்த மூன்றுதான்.

11 கிழமை என்றால் இன்றைக்கே தொடங்கலாம். ஆனால் வீட்டுக்குள். பார்வோ என்கிற, குட்டிகளைக் கொல்லும் வயிற்றோட்ட நோய்க்கான ஊசிகள் முடிய 16 கிழமை வயது ஆகும். அதுவரை தெருநாய்கள் நடமாடுகிற ஒழுங்கையிலும் வரம்பிலும் குட்டியைத் தரையில் விடாதீர்கள். எலிக்காய்ச்சல் வயல் எலி மூத்திரத்தால் நாய்க்கும் வரும், அதற்கும் ஊசி உண்டு, கேட்டுப் போடுங்கள். விசர்நாய்க்கடி ஊசி 3 மாதத்தில். அதற்காகக் குட்டியை வீட்டுக்குள்ளேயே பூட்டிவைப்பதும் பிழை. உலகத்தைப் பார்த்துப் பயம் தெளிகிற வயது ஏறக்குறைய 14 கிழமையோடு முடிந்துவிடும். கையில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போங்கள், உழவு மெஷின் பக்கத்தில் நில்லுங்கள், மாட்டுப் பட்டியைக் காட்டுங்கள், கோயில் மேளத்தைத் தூரத்தில் நின்று கேட்கவிடுங்கள்.

விசில் ஒன்று வாங்குங்கள். உள்ளே குண்டு உருள்கிற பொலிஸ் விசில் வேண்டாம், ஒரே சுருதியில் ஊதுகிற பிளாஸ்டிக் விசில். ரிட்ரீவர்க்காரர்கள் அதிகம் பாவிப்பது ஆக்மி 211½. எண் போட்டு விற்பதில் ஒரு வசதி இருக்கிறது: தொலைந்துபோனால் அதே எண்ணில் இன்னொன்று வாங்கலாம், சத்தம் மாறாது. சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது "பிப்-பிப்-பிப்" என்று குறுக ஊதுங்கள். சில நாளில் அந்தச் சத்தம் கேட்டாலே குட்டி காலுக்குள் வந்து விழும். நீளமாக ஒரே ஊது என்றால் "இருந்து என்னைப் பார்". அதைப் பிறகு, அது உட்காரப் பழகின பிறகு சேருங்கள். வாய்ச் சொல்லாக "வா" என்றும் "தா" என்றும் வைக்காதீர்கள். இரண்டும் நாயின் காதுக்கு ஒன்றுதான். வருவதற்கு விசில், வாயில் இருப்பதைத் தருவதற்கு "விடு" போதும்.

இனி எடுத்துவருகிற பழக்கம். வீட்டில் இரண்டு பக்கமும் சுவர் உள்ள ஒடுங்கிய நடை ஒன்று இருக்கும், அறைக் கதவுகளைச் சாத்திவிடுங்கள். ஒரு முனையில் நீங்கள் கீழே குந்துங்கள். பழைய சொக்ஸை உருட்டிச் சின்னப் பந்தாகக் கட்டி, குட்டியின் மூக்குக்கு முன்னால் ஆட்டி, நாலைந்து அடி தூரத்துக்கு உருட்டிவிடுங்கள். ஓடிப்போய்க் கவ்வும். கவ்வியதும் அதற்கு எங்கே கொண்டுபோய்ச் சப்பலாம் என்றுதான் யோசனை வரும். ஆனால் போக வேறு வழியில்லை, நீங்கள் இருக்கிற பக்கம்தான் திறந்திருக்கிறது. உங்களிடம் வந்ததும் கையை வாய்க்குக் கொண்டுபோகாதீர்கள். எல்லாரும் அங்கேதான் கெடுக்கிறார்கள். வந்தவுடன் பறித்தால் நாளைக்கு வராது, இரண்டு அடி தள்ளி நின்று உங்களை வட்டமடிக்கும். முதலில் நெஞ்சையும் முதுகையும் தடவுங்கள். சொக்ஸ் வாயிலேயே இருக்கட்டும். அது தன் சாமானைப் பெருமையோடு பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் முக்கியம். பிறகு தாடைக்குக் கீழே உள்ளங்கையை வைத்து "விடு" என்று மெதுவாகச் சொல்லி வாங்குங்கள். மூன்று தரம், கூடினால் நாலு. இன்னும் ஓட வேண்டும் என்று குட்டி துடிக்கும்போதே சொக்ஸைச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுங்கள். அலுக்கும்வரை எறிந்தால் அலுப்பைத்தான் பழக்குவீர்கள்.

சொக்ஸ் வேறு நேரத்தில் குட்டியின் கையில் அகப்படக் கூடாது. இழுபறி விளையாட்டும் வேண்டாம், அது வாயை இறுக்கப் பழக்கும். எதையாவது தூக்கிக்கொண்டு ஓடினால் துரத்தாதீர்கள். திரும்பி மறுபக்கம் நடங்கள், தேவையென்றால் ஓடுங்கள், பின்னால் வரும். செருப்பைக் கொண்டுவந்தாலும் திட்டாதீர்கள். வாங்கிக்கொண்டு செருப்பை உயரத்தில் வையுங்கள். கொண்டுவருவது நல்ல காரியம் என்றுதான் அது கற்க வேண்டும், செருப்பு என்ன விலை என்று அதற்குத் தெரியாது.

4 மாதத்தில் பால்பல் விழத் தொடங்கும். சொக்ஸில் சின்ன இரத்தப் பொட்டு தெரியும், முரசு (ஈறு) வீங்கியிருக்கும். சில குட்டிகள் கவ்வியதைப் பாதி வழியில் போட்டுவிடும். பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள், வலிக்கிறது. 6 மாதம் போல் பற்கள் முளைத்து முடியும்வரை எறிவதைக் குறைத்து, உட்காருவது, விசிலுக்கு வருவது, கயிற்றை இழுக்காமல் பக்கத்தில் நடப்பது என்று வேலையை மாற்றுங்கள்.

பல் முளைத்த பிறகு டம்மி. கடையில் விற்கிற பெரிய நாய் டம்மி ஏறக்குறைய 450 கிராம், குட்டிக்கு அதில் பாதி. காசு கொடுத்து வெளியில் இருந்து எடுப்பிக்க வேண்டியதில்லை. சின்னப் பிளாஸ்டிக் போத்தலுக்குள் கொஞ்சம் மணல் போட்டு, சாக்கால் இறுக்கிச் சுற்றித் தைத்து, ஒரு முனையில் எறிவதற்குக் கயிறு கட்டினால் சரி. தண்ணீருக்கு மணல் வேண்டாம், வலை மிதவையைத் துணியால் சுற்றுங்கள். நடுவில் பிடித்துத் தூக்குகிறதா என்று பாருங்கள். நுனியில் பிடித்து ஆட்டிக்கொண்டு வந்தால் டம்மி பாரம் காணாது அல்லது அது இன்னும் விளையாட்டாகத்தான் எடுக்கிறது.

7 மாதம் அளவில் காத்திருப்பு. உட்கார்த்துங்கள், கழுத்துப்பட்டியில் ஒரு விரல் வைத்துக்கொள்ளுங்கள், டம்மியை எறியுங்கள். பாயும், பிடியுங்கள். சத்தம் போடத் தேவையில்லை. அது அமர்ந்து உங்களைப் பார்த்த பிறகு பேரைச் சொல்லி அனுப்புங்கள். எறிகிற எல்லாவற்றுக்கும் அனுப்பாதீர்கள், பாதியை நீங்களே நடந்துபோய் எடுங்கள். விழுகிற எல்லாம் தனக்கில்லை என்று தெரிந்த நாய்தான் அடங்கி இருக்கும். இதை 3, 4 மாதத்திலேயே தொடங்கினால் ஓடுகிற ஆசையே செத்துவிடும். பிந்தினால் கட்டுப்படுத்த முடியாது. இரண்டில் ஒன்று என்றால் பிந்துவது பரவாயில்லை என்பேன். ஆசை உள்ள நாயை அடக்கலாம், ஆசை போன நாய்க்கு ஆசை ஊட்ட முடியாது.

மோப்பம் பழக்குகிற காலத்தில் நம் காற்றைப் பற்றி ஒரு சொல். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது பத்து மணிக்குப் பிறகு வயலில் வாசனை நிற்காது. தரை சுட்டு, காற்று உலர்ந்து, மணம் எல்லாம் பறந்துவிடும். நாய் டம்மிக்கு ஒரு முழம் தள்ளிப் போய்க்கொண்டிருக்கும், மோப்பம் இல்லாத நாய் என்று நீங்கள் நினைப்பீர்கள். பனி ஈரம் இருக்கிற விடியலில் செய்யுங்கள். காற்று நாயின் முகத்துக்கு வருகிற மாதிரி நின்று அனுப்புங்கள். அறுவடை முடிந்த வட்டை இதற்கு நல்ல இடம், ஒட்டுக்குள் டம்மி பாதி மறையும். ஆனால் சூடடித்த இடத்துக்கு எலி வரும், எலிக்குப் புடையன் வரும். வைக்கோற்போர் ஓரத்தில் டம்மி போடாதீர்கள்.

வெயிலும் அதே கதைதான். கறுப்பு நாய், தடித்த இரட்டை மயிர், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாத குணம். காலை 7 மணிக்கு முன்னம், பின்னேரம் 5 மணிக்குப் பின்னம். நாக்கு அகன்று தொங்கி, எச்சில் தடித்து, முரசு கடும் சிவப்பாகி, கால் பின்னினால் அன்றைய பயிற்சி அவ்வளவுதான். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், வயிறு, தொடை இடுக்கு எல்லாம் நனையட்டும், விசிறுங்கள், அப்படியே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஈரச் சாக்கால் மூடி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓடவிடுகிற பழக்கம் ஒன்று நம் ஊரில் உண்டு. ஒன்று, ஒன்றரை வயதுவரை அது வேண்டவே வேண்டாம். எலும்பு முனைகள் மூட முன்னம் அப்படி ஓடவிட்டால் இடுப்பு மூட்டுக்குக் கேடு, லாப்ரடோருக்கு ஏற்கனவே அந்த வருத்தம் வருகிற பரம்பரை.

தண்ணீர். வாவியில் இறக்கக் கூடாது. மட்டக்களப்பு வாவியில் முதலை இருக்கிறது, குளங்களிலும் வாய்க்காலிலும்கூட. நீந்துகிற நாயைப்போல் முதலையை இழுக்கிற சாமான் வேறில்லை. காரைதீவு, கல்முனைப் பக்கத்துத் தோணாக்களும் (கடலோரத்துச் சிறு நீரோடைகள்) வேண்டாம், முதலைப் பயம் இல்லாத இடத்திலும் அழுக்குத் தண்ணீர். கரை சரிவாக உள்ள, அடி தெரிகிற சின்னக் கேணி கிடைத்தால் அது போதும். கடல் என்றால் பாசிக்குடா மாதிரி வெகுதூரம் ஆழமில்லாத இடம், ஆட்கள் குளிக்க வர முன்னம் விடியக்காலையில். கல்லடிக் கடலில் அலை உடைகிற இடம் குட்டிக்கு இல்லை, மாரியில் பெரிய நாய்க்கும் இல்லை. தூக்கி எறிந்து நீந்தப் பழக்குகிற வீரத்தைச் செய்யாதீர்கள், ஒரு தரம் மூச்சு முட்டினால் தண்ணீரைக் கண்டாலே ஒதுங்கும். நீங்கள் முழங்கால் அளவுக்கு இறங்கி நில்லுங்கள், தானாக வரும். டம்மியை முதலில் கால் எட்டுகிற ஆழத்தில் போடுங்கள், கிழமைக்குக் கிழமை தள்ளிப் போடுங்கள். முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, காதின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்து உலரவிடுங்கள். தொங்குகிற காது மாரி காலத்தில் சீக்கிரம் அழுகும்.

கடற்கரையில் நடத்தும்போது கரைவலை இழுத்த இடத்தைச் சுற்றிப் போங்கள். வலையில் வந்த பேத்தை மீனை மணலிலேயே வீசிவிட்டுப் போவார்கள். வெயிலில் காய்ந்து பலூன் மாதிரி உப்பிக் கிடக்கும். அந்த நஞ்சு சமைத்தாலும் காய்ந்தாலும் போகாது. மற்ற நாய் மணந்துவிட்டு விலகலாம், ரிட்ரீவர் தூக்கும். தூக்கினதைப் பெருமையாக உங்களிடம் கொண்டுவரும். வீட்டு நடையில் பழக்கிய "விடு" அன்றைக்கு உயிரைக் காப்பாற்றும். விட்ட பிறகும் வாயைக் கழுவுங்கள். தின்றுவிட்டது என்றால், கால் தள்ளாடத் தொடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

துவக்குச் சத்தம் கேட்டீர்கள். சத்தத்துக்குப் பயந்த நாய் பெரும்பாலும் மனிதர் பழுதாக்கிய நாய். பழகட்டும் என்று குட்டியின் தலைக்கு மேலே வெடி வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அதோடு கதை முடிந்தது. நம் இடத்தில் இதற்குத் துவக்கே தேவையில்லை. படுவான்கரையில் இரவில் யானை விரட்டப் போடுகிற யானைவெடி கேட்காத காலம் உண்டா? தூரத்தில் எங்கோ வெடிக்கும்போது சாப்பாட்டைக் கையில் எடுங்கள், அல்லது சொக்ஸை உருட்டுங்கள். வெடி என்றால் நல்லது ஒன்று வரப்போகிறது என்று அது முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பிறகு உதவிக்கு ஒருவரை 100 மீற்றருக்கு அப்பால் நிறுத்தி இரண்டு பலகையை அடிக்கச் சொல்லி, அடித்த கையோடு டம்மியை எறிய வையுங்கள். காதை மடக்காமல் டம்மியையே பார்த்தால் அடுத்த கிழமை கொஞ்சம் கிட்ட. காது மடிந்தாலோ வால் இறங்கினாலோ திரும்பத் தூரம். திருவிழா வாணவேடிக்கைக்கும் தீபாவளி, பெருநாள் இரவுகளுக்கும் குட்டியை வீட்டுக்குள் வைத்திருங்கள், அது பயிற்சி நாள் இல்லை.

பறவை வாசனை கடைசிப் பாடம். டம்மியைப் பிழையில்லாமல் கையில் தருகிற வரை இறகைக் காட்டாதீர்கள். முதலில் வீட்டுத் தாராவின் இறகை டம்மியில் சுற்றிக் கட்டுங்கள். அது சரிவந்தால், கறிக்கு அறுத்த வளர்ப்புத் தாராவை ஆறவிட்டு, இரத்தம் இல்லாமல் துடைத்து, செட்டை விரியாமல் பழைய காலுறைக்குள் நுழைத்து ஒரு தரம் எறிந்து பாருங்கள். கடித்துப் பார்க்க விடாமல் உடனே விசில் ஊதிக் கூப்பிடுங்கள். உயிருள்ள கோழிக்கும் தாராவுக்கும் நடுவில் கயிற்றோடு உட்காரப் பழக்குவது இன்னொரு பக்கம். ஊரில் உங்கள் நாய்க்கு நடக்கப்போகிற உண்மையான பரீட்சை அதுதான். பக்கத்து வீட்டுக் கோழியை ஒரு இறகும் கசங்காமல் அழகாக எடுத்துவந்து தந்தாலும் சண்டை சண்டைதான்.

வயலுக்குப் போய் வந்த ஒவ்வொரு நாளும் காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டிக்குக் கீழே உண்ணி பாருங்கள். சோர்வு, காய்ச்சல், வெளிறிய முரசு, கடும் நிறத்தில் மூத்திரம் கண்டால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், நாளைக்கென்று வைக்காமல் அரச கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

பிள்ளைகள் பற்றி: விளையாடட்டும். பிள்ளைகளோடு வளர்கிற நாய் மனிதரை நம்பும், நம்புகிற நாயைப் பழக்குவது சுகம். பந்தை ஐம்பது தரம் எறிந்து ஓட்டுவதை மட்டும் நிறுத்துங்கள். அதற்குப் பதில் ஒளித்துத் தேடவைக்கிற விளையாட்டைச் சொல்லிக்கொடுங்கள்: ஒருவர் குட்டியைப் பிடித்திருக்க, மற்றவர் சொக்ஸை வாழைமரத்தடியில் ஒளித்துவிட்டு வரட்டும். மோப்பமும் வளரும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும், விசில் மட்டும் உங்கள் கழுத்தில். உண்மையில் கெடுப்பது ஒழுங்கைக் கிரிக்கெட்தான். டெனிஸ் பந்தைக் கவ்விக்கொண்டு குட்டி ஓட, பத்துப் பொடியன்கள் கத்திக்கொண்டு பின்னால் துரத்த, அதைவிடச் சந்தோஷமான விளையாட்டு நாய்க்கு உலகத்தில் இல்லை. நீங்கள் நடையில் ஒரு மாதமாகப் பழக்கியது ஒரு பின்னேரத்தில் போய்விடும். பொடியன்கள் விக்கெட்டை நட்டதுமே குட்டியை வீட்டின் பின்பக்கம், பந்து கண்ணில் படாத இடத்தில் கட்டிவிடுங்கள்.